தாலுக்கா ஆபீசுக்கு எதிரில் ஓர் அறை

23-6-1991, ஞாயிறு

எழுத விஷயம் இல்லாவிட்டாலும் தினம் நாலு வரி எழுத வேண்டும் என்று சாயங்கால முதியோர் வகுப்பு கங்கா டீச்சர் சொல்லியிருக்கிறது. எனக்கா விஷயம் இல்லை? ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. கைதான் ஏற்றத்தில் போகிற மாட்டு வண்டி மாதிரி போகிறது. போகட்டும். அவசரம் என்ன.

இன்று ரஞ்சனியோடு ஸ்ரீபெரும்புதூர் போனேன். ரஞ்சனி என் மகள். எங்களுக்கு நின்றது இவள் ஒருத்திதான். டைப்பில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர் பாஸ். வாலாஜாபாத்தில் இவள் வேலை பார்த்த டைப் இன்ஸ்டிடியூட்டை மூடிவிட்டார்கள். போகும்போது அந்த முதலாளி அம்மா பழைய மிஷின் இரண்டை இவளுக்கே கொடுத்துவிட்டது. இரண்டும் எங்கள் வீட்டுக் கட்டிலில் புடவை போர்த்திக்கொண்டு இருக்கின்றன. நானும் என் சம்சாரம் பாப்பம்மாளும் தரையில் படுக்கிறோம். "மருமவன் வந்து படுத்துகினு கீற மாதிரி கீது" என்கிறாள் பாப்பம்மாள்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனி வரப்போகிறது என்று பேச்சு. நிலம் வைத்திருக்கிறவன் எல்லாம் பட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். தாலுக்கா ஆபீசில் எந்நேரமும் கூட்டம். அதற்கு எதிரில் ஓர் அறை கிடைத்தால் போதும், மிஷினைப் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறாள் ரஞ்சனி. கிடைக்காவிட்டால் தாம்பரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனி, ஹாஸ்டலில் தங்கல். அதையும் சொல்லிவிட்டாள். ஹாஸ்டல் என்று எழுதக் கை வரவில்லை, மூன்று தடவை அழித்தேன். ஸ் வந்தாலே எனக்குச் சிரமம். அதனால்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

தெரு முழுக்க போர்டு படித்துக்கொண்டே போனேன். ஒரு கடையில் "வாடகைக்கு விடப்படும்" என்று இருந்தது. சந்தோஷத்தில் சத்தமாகவே படித்துவிட்டேன். "கண்ணு, இங்க கீது பாரு!" ரஞ்சனி சிரித்துக்கொண்டே, "நைனா, மேல் வரியையும் படி" என்றாள்.

மேலே "சைக்கிள்" என்று இருந்தது.

26-6-1991, புதன்

மறுபடி போனோம். மே மாதம் அந்தக் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் தெரியாத முகத்துக்கு யாரும் கதவு திறப்பதில்லை. ஒரு வீட்டு அம்மா ஜன்னலுக்குள் இருந்தே பேசியது. "போலீஸ் வந்து வாடகைக்கு கீறது யாருன்னு கேட்டா நான் இன்னாய்யா சொல்றது?"

"மண்ணாங்கட்டின்னு சொல்லும்மா" என்றேன். என் பெயரைத்தான் சொன்னேன். திட்டுகிறேன் என்று நினைத்து ஜன்னலைச் சாத்திவிட்டது.

பஸ் ஏறும் வரை ரஞ்சனி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகிறது.

எனக்கு முன்னால் பிறந்தது ஒன்றும் தங்கவில்லையாம். அதனால் என்னைக் குப்பையில் புரட்டி எடுத்து, எமனுக்கு ஆசை வராத பேராகப் பார்த்து வைத்தார்கள். வகுப்பில் அந்தப் பேரை முதன்முதலாக நானே எழுதிய அன்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ம, ண், ணா, ங், க, ட், டி. ஆசை வராத பேரா இது? எமனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது போல.

1-7-1991, திங்கள்

இடம் கிடைத்துவிடும் போல இருக்கிறது. புரோக்கர் கோதண்டம் கூட்டிப் போனான். நிலம், வீடு, கறவை மாடு எல்லாவற்றுக்கும் அவன்தான். தாலுக்கா ஆபீசுக்கு நேர் எதிர். டீக்கடைக்குப் பக்கத்து அறை. முன்பு சுண்ணாம்பு மூட்டை அடுக்கியிருந்தார்களாம், இன்னும் வாடை போகவில்லை. ரஞ்சனி உள்ளே போய்க் கையை நீட்டி நீட்டி அளந்தாள். தமிழ் மிஷின் ஜன்னல் ஓரம், இங்கிலீஷ் மிஷின் சுவர் ஓரம், வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு.

இடத்துக்காரர் பெயர் பலராமன். நல்ல மனுஷர். நாற்காலி காட்டினார். ரஞ்சனி உட்கார்ந்தாள். நான் நின்றேன், பழக்கம்.

"எந்த ஊரும்மா?"

"சேரப்பணஞ்சேரிங்க."

"சேரப்பணஞ்சேரியில..." என்று அவர் இழுப்பதற்குள் கோதண்டம் குறுக்கே பாய்ந்தான். "ஏரிப் பாசனம் சார்! தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. போன வருசம் நெல்லு பாத்தீங்களா?" பேச்சு நெல்லுக்குப் போய்விட்டது.

உள்ளூர்க்காரர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டுமல்லவா என்றார் பலராமன். "வேற யாரு, இவரே போடட்டும், பொண்ணோட அப்பாதானே" என்றும் அவரே சொன்னார். ஆடி பிறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். ஆடியில் யார் கடை போடுவார்கள்?

வெள்ளிக்கிழமை எழுதுகிறோம்.

5-7-1991, வெள்ளி

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும். விளக்கு அணைய நேரமானாலும் சரி.

பத்திரம் எழுதுகிறவர் வாசித்தார், எல்லாரும் கேட்டோம். ரஞ்சனி கையெழுத்துப் போட்டாள். பிறகு கோதண்டம் மசி டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினான். "அண்ணாத்த, இங்க ஒரு ரேகை வச்சுடு, வேல முடிஞ்சுது."

"ரேகையா? நான் எழுதுவேன்பா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பரவாயில்லையே! இந்த வயசுலயா?" என்றார். பலராமன் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியையும் திறந்து, என் கையில் கொடுத்தார். மசிப் பேனா. கனமாக இருந்தது. கோதண்டம் மட்டும், "இன்னாத்துக்குண்ணா கஷ்டம், நேரமாவுது" என்றான். அவனுக்கு எழுத வராது, பொறாமை என்று நினைத்தேன்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே முழுசாக எழுதினேன். ஒன்றையும் விடவில்லை. மண்ணாங்கட்டி, தகப்பனார் பெயர் கன்னியப்பன், காலனி, சேரப்பணஞ்சேரி. வரி கோணவில்லை. பலராமன் என் தோளுக்கு மேல் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயசில் நான் எழுத, ஒருத்தர் குனிந்து நின்று பார்ப்பார் என்று கனவுகூடக் கண்டதில்லை.

முடித்துப் பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

எனக்கே கொடுத்துவிட்டார்! பரிசு. இதோ அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன். மசி தாராளமாக இறங்குகிறது.

சாவியைத் திங்கள்கிழமை தருவதாகச் சொன்னார். வரும் வழியில் ரஞ்சனி ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கும்.

7-7-1991, ஞாயிறு

கோதண்டம் காலையிலேயே வந்தான். பலராமனுடைய மச்சான் பையன் கடை போடப் போகிறானாம். இடம் இல்லை.

"முந்தாநாள் வரிக்கும் அந்த மச்சான் பையன் எங்க இருந்தான்?" என்று கேட்டேன்.

கோதண்டம் தலையைச் சொறிந்தான். "நீ ரேகை வச்சிருந்தா பையன் பொறந்தே இருக்க மாட்டான்ணா."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அடுப்பண்டை இருந்து பாப்பம்மாள்தான் எழுந்து வந்தாள். "காலனின்னு எழுதினியா?"

"எழுதினேன்."

"யாரு கேட்டாங்க உன்ன?"

யாரும் கேட்கவில்லை. ஊர் வேறு, காலனி வேறு. ஏரிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். சேரப்பணஞ்சேரி என்று சொல்லி நிறுத்தினால் ஊர்க்காரர் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். ரஞ்சனி அப்படித்தான் நிறுத்தினாள். கோதண்டம் அதனால்தான் நெல்லைப் பற்றிப் பேசினான். நான்தான் அழகாக, கோணாமல், மசிப் பேனாவில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"பேனாவ ஏன் திருப்பி வாங்கல, அதாவது தெரிஞ்சுதா?" என்றாள் பாப்பம்மாள்.

எனக்குத் தெரியாதா? டீக்கடையில் தனி கிளாஸில் குடித்து வளர்ந்தவன். கூலி நெல்லைத் துண்டில் ஏந்தி வாங்கினவன். இத்தனை வருஷம் எல்லாம் தெரிந்த ஆள் அன்றைக்கு எங்கே போனான்? நாலு எழுத்து வந்ததும் கண் அவிந்துவிட்டதா?

பென்சிலில் எழுதுகிறேன்.

8-7-1991, திங்கள்

ரஞ்சனி என்னிடம், "நீ நல்லாத்தான் எழுதியிருந்த நைனா. ஒரு தப்பு இல்ல" என்றாள். திட்டியிருக்கலாம்.

2-8-1991, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ். பாப்பம்மாள் போனாள். நான் போகவில்லை.

வகுப்புக்கும் போவதில்லை. கங்கா டீச்சர் ஆள் அனுப்பிக் கேட்டது, முதுகு வலி என்று சொல்லி அனுப்பினேன். நேற்று பஸ் ஸ்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்தால் எதையாவது படித்துவிடுகிறேன். படிக்கத் தெரிந்த பிறகு படிக்காமல் இருக்க முடியவில்லையே, இதை யாரும் முன்னாடி சொல்லவில்லை.

ரஞ்சனி தாம்பரம் போய் எக்ஸ்போர்ட் கம்பெனியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆவணியில் சேரச் சொல்லியிருக்கிறார்களாம். ஒரு அறையில் எட்டுப் பேர். மாதம் ஒரு தடவை வீட்டுக்கு விடுவார்கள்.

மிஷினை விற்றுவிடலாமா என்று கேட்டாள். புடவையை எடுத்துவிட்டு மிஷினைத் துடைத்தாள். துணியால் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தாள்.

19-8-1991, திங்கள்

கோதண்டம் வந்தான். இந்தத் தடவை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தான். பாப்பம்மாள் கொடுத்த தண்ணீரையும் குடித்தான். அவன் ஊர்க்காரன், எங்கள் வீட்டில் இதுவரை குடித்ததில்லை. ஏதோ பெரிசாகக் கேட்கப் போகிறான் என்று அப்போதே தெரிந்தது.

இடம் இருக்கிறது. அதே தெரு, தாலுக்கா ஆபீசுக்கு எதிர் வரிசை. சுந்தராம்பாள் என்று ஒரு அம்மா, தனியாக இருக்கிறது. வீட்டின் முன் அறையை விடுகிறது. பொம்பளைப் பிள்ளை என்றால் துணையாகவும் இருக்கும் என்கிறதாம். ஜாமீன் கோதண்டமே போடுகிறானாம்.

"பொண்ணு வாலாஜாபாத்து, தறிக்காரங்க வூடுன்னு சொல்லிட்டேன். எனக்கு சொந்தம்னும் சொல்லிட்டேன். பலராமன் அந்தத் தெருப் பக்கம் வர்றதே இல்ல."

"அப்பா யாருன்னு கேட்டா?"

கோதண்டம் தரையைப் பார்த்தான். "கேட்டாங்க. தவறிட்டாருன்னு சொல்லிட்டேன்ணா. ஆள் இருந்தா வரச் சொல்லுவாங்க, பேசுவாங்க, எங்கனா ஒரு எடத்துல மாட்டிக்கும். இல்லாத ஆளப் பத்தி யாரு கேக்கப் போறா?"

பாப்பம்மாள் எழுந்தாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "யோவ்! நான் நெத்தியில பொட்டோட நின்னுகினு கீறேன், என் எதிர்லயே கொன்னுட்டியா? எங்க வூட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு இத்தச் சொல்றியா? எழுந்து போய்யா!"

எழுந்து போகவில்லை அவன். "திட்டிக்கம்மா. வேற வழி இருந்தா சொல்லு, நான் அத்தச் செய்றேன்."

ரஞ்சனி, "எனக்கு அந்த எடம் வேணாம். நான் தாம்பரத்துக்கே போறேன்" என்றாள்.

எல்லாரும் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். செத்தவன் சம்மதம் வேண்டும் போல.

எனக்கு ஹாஸ்டல் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு அறையில் எட்டுப் பேர். இங்கே இருந்தால் சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவாள். பகலில் ஒரு இடத்தில் நான் இல்லாவிட்டால் என்ன, ராத்திரி என்னோடுதானே சாப்பிடப் போகிறாள்?

"எமன் தொடாத பேருன்னு வச்சாங்க, கோதண்டம் தொட்டுட்டான்" என்றேன். "பரவால்ல. தேதி பாரு."

யாரும் சிரிக்கவில்லை.

23-8-1991, வெள்ளி

இன்று கடை திறந்தாகிவிட்டது. மிஷினைக் கட்டிலில் இருந்து தூக்கி வண்டியில் வைக்கிற வரை நான் செய்தேன். பிறகு கோதண்டம் ஏறிக்கொண்டான். பாப்பம்மாளையும் அழைத்துப் போகவில்லை. பொட்டை எடுத்துவிட்டு வருகிறாயா என்று யார் அவளைக் கேட்பது?

ஏரிக்கரை வரை வண்டிக்குப் பின்னால் நடந்தேன். அங்கே நின்றுவிட்டேன்.

இன்றைக்குக் கட்டிலில் படுக்கலாம். படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

26-8-1991, திங்கள்

செத்து ஒரு வாரம் ஆகிறது. பசி மட்டும் அடங்கவில்லை. இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "செத்தவன் இந்தத் தீனி தின்றியே" என்று பாப்பம்மாளே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் சிரித்தோம்.

இன்று வகுப்புக்குப் போனேன். டீச்சர் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. புதுப் பாடம் கொடுத்தது. கூட்டெழுத்து எல்லாம் வருகிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

15-9-1991, ஞாயிறு

ரஞ்சனிக்கு வேலை நிற்க நேரமில்லை. கடைக்குப் பெயர்ப் பலகை மாட்டியாகிவிட்டது. ரஞ்சனி தட்டச்சகம். அவளே எனக்குத் தாளில் எழுதிக் காட்டினாள். தட்டச்சகம்! ட்ட, ச்ச. சொல்லிப் பார்த்தாலே மிஷின் சத்தம் கேட்கிறது. பலகையில் என்ன நிறம் என்று கேட்டேன். பச்சையில் வெள்ளை எழுத்து.

சுந்தராம்பாள் அம்மா இவளைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறதாம். மத்தியானம் தினம் மோர். வெள்ளிக்கிழமை தலைக்குப் பூ. "அப்பன் இல்லாத பொண்ணு, பாவம்" என்று சொல்லிச் சொல்லிச் செய்கிறதாம். ரஞ்சனி இதைச் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சும்மா சொல்லு கண்ணு" என்றேன். "நான் செத்ததுல உனக்கு மோராவது கெடைக்குதே."

அந்த அம்மா கெட்டவள் இல்லை என்றாள் ரஞ்சனி. அதுதான் எனக்குக் கஷ்டமாயிருக்கு நைனா என்றாள். எனக்குப் புரிந்தது. பலராமன் மேல் கோபமாவது படலாம்.

9-10-1991, புதன்

மெதுவாக எழுதுகிறேன். வரிசையாக எழுத வேண்டும்.

முதியோர் பென்ஷனுக்கு மனு கொடுக்கத் தாலுக்கா ஆபீஸ் போனேன். மனு ரஞ்சனி முன்பே அடித்து வீட்டில் கொடுத்ததுதான். அவள் கடைப் பக்கம் தலையைத் திருப்பாமல் நேராக ஆபீசுக்குள் போனேன். வாங்கிப் பார்த்தவர், வாரிசு விவரம் இல்லையே, அந்த வரியும் சேர்த்து அடித்துக் கொண்டுவா என்று தன்மையாகத்தான் சொன்னார். என்னோடு வரிசையில் நின்றவன், "எதிர்ல ஒரு பொண்ணு அடிக்குது, அஞ்சு நிமிசத்துல குடுக்கும், போ" என்றான். வேறு யாரும் அடிப்பதில்லையா என்றேன். இன்னொரு ஆள் இருக்கிறான், இன்று வரவில்லை என்றான். மனு வாங்குவதும் இந்த வாரத்துக்கு இன்றுதான் கடைசி.

திரும்பி வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும். ஆனால் தெருவில் இறங்கியதும் பச்சைப் பலகை தெரிந்தது. கால் அதுவாகப் போயிற்று. பார்க்க ஆசை. அவ்வளவுதான். வேறு காரணம் சொன்னால் பொய்.

ரஞ்சனி மிஷினில் குனிந்திருந்தாள். நான் நினைத்த மாதிரியே ஜன்னல் ஓரம். உள்பக்கக் கதவண்டை ஒரு அம்மா உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தது. சுந்தராம்பாள் அம்மா. வெள்ளைப் புடவை, நல்ல முகம். பெஞ்சில் யாரும் இல்லை.

ரஞ்சனி நிமிர்ந்தாள். விரல் அப்படியே எழுத்து மேல் நின்றது.

நான்தான் முதலில் பேசினேன். "மனு ஒண்ணு அடிக்கணும்மா."

மிஷினில் இருந்த தாளை உருவி வைத்தாள். பிறகு, "ஒக்காருங்க பெரியவரே" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"பேர் சொல்லுங்க."

"மண்ணாங்கட்டி."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்லயும் ஒருத்தருக்கு இந்தப் பேர்தான். மூணு போயி நாலாவது. உங்களுக்கும் அப்படியா?" என்று கேட்டது. ஆமாம்மா என்றேன். பிரியமாகத்தான் கேட்டது.

"அப்பா பேர்?"

"கன்னியப்பன்." அவளுடைய தாத்தா. அவளுக்குத் தெரியாதா.

"ஊரு, தெரு?"

பொய் சொல்ல முடியாது, அரசாங்க மனு. ரஞ்சனிக்கும் தெரியும், அவளும் கேட்காமல் விட முடியாது. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறது. "சேரப்பணஞ்சேரி. காலனி."

அவரைக்காய் உரிக்கிற கை நின்றது. "பெரியவரே" என்றது அந்த அம்மா, குரல் மாறவே இல்லை, "அந்தப் படியில ஒக்காருங்களேன். அங்க காத்து நல்லா வரும்."

எழுந்து படியில் உட்கார்ந்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது.

மிஷின் சத்தம் கேட்டது, நின்றது. தாளை உருவிக் கசக்குகிற சத்தம். புதுத் தாள் போட்டாள். "உன் கை தப்பாதேடி, இன்னிக்கு இன்னாச்சு?" என்றது அந்த அம்மா. மறுபடி சத்தம் ஆரம்பித்தது.

வாரிசு வரி வந்தது. எனக்கு முதுகுப் பக்கம்தான் ரஞ்சனி. முகம் தெரியவில்லை.

"பிள்ளைங்க... யாராவது இருக்காங்களா பெரியவரே?"

ஒரு பொண்ணு கீது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அம்மா கேட்கும். பேச ஆசைப்படுகிற அம்மா. பொண்ணு இன்னா பண்ணுது, எங்க கீது, பேர் இன்னா என்று கேட்கும். நான் என்ன சொல்வேன்? எனக்கு ஒன்றை ஆரம்பித்தால் முழுசாகச் சொல்லித்தான் பழக்கம்.

"யாரும் இல்லம்மா."

"ஐயோ பாவம்" என்றது சுந்தராம்பாள் அம்மா. "காப்பாத்த நாதியில்லன்னு நல்லா அடிச்சுக் குடு ரஞ்சனி. அப்பதான் மனசு எரங்கிக் குடுப்பாங்க."

அடித்தாள். தாளை எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவது போல எனக்கும் படித்துக் காட்டினாள். எனக்கு ஆதரவளிக்க வாரிசு எவரும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். குரல் நடுங்கவில்லை. கெட்டிக்காரி. நான் தலையாட்டிக் கேட்டேன்.

புறப்படும்போது அந்த அம்மா என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்தது. வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்றது. சொம்பைத் தூக்கி மேலிருந்து ஊற்றியது. கையேந்திக் குடித்தேன். இஞ்சி, பெருங்காயம் எல்லாம் போட்ட நல்ல மோர். ரஞ்சனி தினம் டம்ளரில் குடிக்கிற அதே மோர்தான். விரல் இடுக்கில் வழிந்ததைக்கூட விடவில்லை, குடித்துவிட்டேன். மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சாயங்காலம் ரஞ்சனி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு தாள் வீணாப் போச்சு நைனா" என்றாள்.



10-10-1991, வியாழன்

பாப்பம்மாளிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

22-11-1991, வெள்ளி

பென்ஷன் மனுவுக்குப் பதில் வந்தது. தபால்காரர் படிக்கட்டுமா என்றார். நானே படிப்பேன் என்று வாங்கிக்கொண்டேன்.

கிராமத்தில் விசாரித்ததில் மனுதாரருக்கு ரஞ்சனி என்ற மகள் இருப்பதும், அவர் மனுதாரருடன் வசித்து வருவதும் தெரியவருவதால், மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

இரண்டாம் தடவை படித்தேன். பிறகு பாப்பம்மாளைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கீழே கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கிறது. மகள் இருப்பதும்! உடன் வசித்து வருவதும்!

"தள்ளுபடின்னு போட்டிருக்கான், அதுக்கு ஏன்யா இப்டி சிரிக்கிற?" என்றாள் பாப்பம்மாள்.

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கடிதத்தைக் கூரை எரவாணத்தில் சொருகி வைத்திருக்கிறேன். ரஞ்சனியிடம் காட்டினேன். படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டாள். "ரெண்டு எடத்துல ஒற்று விட்டுட்டாங்க" என்றாள்.

11-12-1991, புதன்

காலையிலிருந்து மழை. ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர். பஸ் தாமதம், ரஞ்சனி தொப்பலாக நனைந்து வந்தாள். கடையில் இன்று நகரக்கூட இடமில்லாத கூட்டமாம். சித்திரையில் இன்னொரு மிஷின் வாங்கலாம், வேலைக்கு ஒரு பெண்ணையும் வைக்கலாம் என்று சுந்தராம்பாள் அம்மா சொல்கிறதாம். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

பாப்பம்மாளுக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறாள். ரஞ்சனிதான் சோறு வடித்தாள். கருவாட்டுக் குழம்பு. நன்றாக இருந்தது என்றேன். அவள் எங்கேயோ நினைப்பாக இருந்தாள். சட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா பெரியவரே?"

சொன்னது அவளுக்கே தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.

"போடும்மா" என்று தட்டை நீட்டினேன்.